கப்பலேறிய ராகு காலம்

அத்தியாயம் ஆறு

மணி இரண்டே கால். மூன்றரைக்குத் தீவின் போலீஸ் கப்பலுக்கு வரும். நான்கு மணிக்குக் கப்பல் கிளம்பும். ஜீவிதா இல்லாமல் கிளம்பும்.

கப்பலின் பாதுகாப்பு அதிகாரி அர்ஜுனன் இதையெல்லாம் பஸ் நேரம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். கடற்படையில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இளவரசனுக்குத் தோன்றியது. கத்துகிற ஆளைச் சமாதானப்படுத்தலாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிற ஆளை என்ன செய்வது?

அவருக்கு எதிரே, கேபின்களைச் சுத்தம் செய்கிறவர்கள் போடும் சாம்பல் நிறச் சட்டையில் ஜீவிதா உட்கார்ந்திருந்தாள். இருபத்துமூன்று வயது. காஞ்சிபுரம் செவிலிமேட்டுப் பெண். ஏனாத்தூர்ப் பக்கம் படித்துவிட்டு எட்டு மாதமாக இந்தக் கப்பலில் வேலை பார்க்கிறாள். திருட்டுப் பட்டத்தோடு வேற்று நாட்டில் இறக்கிவிடப்பட்டால் அப்புறம் எந்தக் கப்பலும் அவளை ஏற்றாது. ஊரில் என்ன பேசுவார்கள் என்று அவள் கற்பனை செய்யவும் வேண்டியதில்லை. ஊரில் பாதி இந்தக் கப்பலிலேயே இருந்தது.

காஞ்சிபுரம் பட்டு வியாபாரிகளும் குடும்பத்தாரும் அறுபது பேர் சென்னையில் ஏறியிருந்தார்கள். காந்தா அம்மாளின் மகனுக்கும் துர்கா என்கிற பெண்ணுக்கும் இன்று மாலை ஆறு மணிக்கு மேல்தளத்தில் நிச்சயதார்த்தம். ஊரில் இத்தனை மண்டபம் இருக்க, கடலில்தான் தட்டு மாற்றுவேன் என்று மாப்பிள்ளைப் பையன் அடம்பிடித்ததன் பலன். தாய்லாந்துப் பக்கத்துத் தீவு ஒன்றில் காலை ஏழு மணிக்குக் கப்பலைக் கட்டினார்கள். பதினோரு மணிக்கெல்லாம் நிச்சயப் புடவை காணாமல் போயிருந்தது.

காந்தாவின் பழைய சிநேகிதி என்ற முறையில் அழைக்கப்பட்டிருந்தவர் துப்பறியும் குணமாலா. காஞ்சிபுரம் மூங்கில் மண்டபத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை மாடியில் ஆபீஸ். ஐம்பத்திரண்டு வயது, திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம். அவருக்கு நான்கு வருஷமாக இளவரசன் உதவியாளன். உன் வாய்க்குத் தனியாகச் சம்பளம் கிடையாது என்று முதல் நாளே சொல்லியும், அதை அவன் இலவசமாக வழங்கி வந்தான்.

"நடந்ததை இன்னொரு வாட்டி சொல்லும்மா," என்றார் குணமாலா.

"பத்து நாப்பத்திரண்டுக்கு என் கார்டு போட்டு காந்தா அம்மா ரூமைத் தொறந்தேன் மேடம். டிராலிய வாசல்ல நிறுத்தினேன். டிராலி நின்னா கதவு மூடாது, எல்லாரும் அப்படித்தான் நிறுத்துவோம். படுக்கைய மாத்தினேன். பாத்ரூம் கழுவினேன். பதினொண்ணு அஞ்சுக்கு வெளிய வந்து கதவைச் சாத்தினேன். பொடவைய நான் கண்ணாலயே பாக்கல."

"பாத்ரூம்ல எவ்ளோ நேரம் இருந்த?"

"பத்து நிமிஷம் இருக்கும் மேடம். தண்ணி தொறந்து விட்டிருந்தேன். வெளிய யாரு வந்தாலும் கேட்டிருக்காது."

அர்ஜுனன் தொண்டையைச் செருமினார். "பூட்டு எல்லாத்தையும் பதிவு பண்ணும் மேடம். பத்து மணிக்கு அந்த அம்மா வெளியே போனாங்க. பத்து நாற்பத்திரண்டுக்கு இந்தப் பொண்ணு திறந்தது. அடுத்தது பன்னிரண்டே காலுக்கு அந்த அம்மாவே வந்து திறந்தாங்க. நடுவுல யாரும் இல்லை. புடவை சுத்தியிருந்த வெள்ளைத் துணி இந்தப் பொண்ணோட டிராலியில, அழுக்குத் துணிப் பைக்குள்ள இருந்தது. நான் என்ன பண்ணட்டும்?"

"புடவை கெடச்சுதா?"

"இல்லை. ஊழியர் அறை எல்லாம் தேடிட்டோம்."

"பயணிங்க ரூம்?"

"பயணிகளை அப்படிச் சந்தேகப்பட முடியாது மேடம்."

"அதானே," என்றான் இளவரசன். "டிக்கெட் எடுத்தவங்களுக்குக் கை நீளாது சார். அது டிக்கெட்டு பின்னாடியே அச்சடிச்சிருக்குது."

அர்ஜுனன் சிரிக்கவில்லை. "அந்தத் தளத்துல எல்லாரும் தீவுக்குப் போயிட்டாங்க தம்பி. வெயிலுக்குப் பயந்து கப்பல்லயே தங்கினது நீங்க ரெண்டு பேர், மருதாணி வச்சுக்கப் போன காந்தா அம்மா, அப்புறம் பட்டுக்கடை ஆனந்தராஜும் அவர் மனைவியும். ஆனந்தராஜ் அந்த நேரம் அறையை விட்டு வெளியிலேயே வரலை. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ராகு காலம். அவர் வாசல் தாண்ட மாட்டாராம். மனைவியும் சொல்றாங்க, காந்தா அம்மாளும் சொல்றாங்க."

ஜீவிதா மேஜைமேல் கிடந்த தாளைக் காட்டினாள். அதில் நாலு வரி டைப் அடித்திருந்தது. "ஒத்துக்கிட்டு இதுல கையெழுத்து போட்டா, போலீசுக்குச் சொல்லாம ஊருக்கு அனுப்பிடுவாங்களாம் மேடம். போட்டுடட்டுமா?"

"நான் வர்ற வரைக்கும் பேனாவத் தொடாத," என்றார் குணமாலா.

வெளித்தளத்துக்கு வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. ஓடுகிற கப்பலில் காற்றாவது இருக்கும். கட்டிப்போட்ட கப்பலில் அதுவும் கிடையாது. கைப்பிடிக் கம்பியைத் தொட்ட இளவரசன் கையை உதறிக்கொண்டான். நீச்சல் குளத்தைச் சுற்றி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. எதிரே நீலத் தண்ணீருக்கு அப்பால் தென்னைகளும் வெள்ளை மணலும் தெரிந்தன. அங்கே தண்ணீரில் விளையாடுகிறவர்களின் கூச்சல் இங்கே வரை கேட்டது. நாமும் போயிருக்கலாம் என்று அவன் மனசு ஒரு நிமிஷம் நினைத்தது; அந்தப் பெண் கை இரண்டையும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்ததும் வெட்கப்பட்டது.

"நாலரைக்கு நான் சாப்பிட்டாகணும், ஞாபகப்படுத்துப்பா," என்றார் குணமாலா.

சூரியன் இறங்கிய பிறகு அவர் வாயில் எதுவும் போட மாட்டார். ஊரில் ஆறு மணிக்குச் சாப்பிட்டு எழுந்தால் நேரம் சரியாக இருக்கும். நேற்று ஐந்தே முக்காலுக்குத் தட்டோடு போய் நின்றால், சூரியன் அதற்கு முன்பே கடலில் முங்கியிருந்தது. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்துவிட்டார்.

"சூரியனும் நம்மகூட டூர் வந்திருக்குதுக்கா. அதான் வேலைய சீக்கிரம் முடிச்சுக்கினு ரூமுக்குப் போயிடுது."

குணமாலா காந்தாவின் கதவைத் தட்டினார்.

காந்தா அம்மாள் இரண்டு கைகளிலும் இன்னும் கழுவாத மருதாணியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைக்கவும் முடியாமல் கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"நம்ம ஊரு பொண்ணாச்சேன்னு காலையில கூட அதுக்கு மைசூர்பாகு குடுத்தேன் குணா. இப்படிப் பண்ணுமா?"

"அதான் பண்ணுச்சுன்னு நீ பாத்தியா?"

"வேற யாரு உள்ள போனா, சொல்லு."

புடவையைப் பற்றிக் கேட்டதும் காந்தாவின் குரல் மாறியது. மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு பார்டர், ஒரு சாண் அகலத்துக்கு ஜரிகை. காந்தி ரோட்டில் இருக்கிற ஆனந்தராஜ் கடையில் ஆறு மாதம் முன்பே சொல்லி நெய்ய வைத்தது.

"கடைசியா எப்ப பாத்த?"

"காலையில டிபனுக்குப் போறதுக்கு முன்னாடி. மடிப்புல ஜரிகை லேசா கருத்த மாதிரி இருந்துச்சு. கடல் காத்துக்கு அப்படி ஆவுமோ என்னமோன்னு டிபன் சாப்பிடறப்ப ஆனந்தராஜு தம்பிகிட்டயே கேட்டேன். ஒண்ணும் இல்லக்கான்னாரு. சரி, சாயங்காலம் பட்டு வியாபாரிங்க சங்கத்து ஆளுங்க எல்லாரும் இருப்பாங்க, பிரிச்சுக் காட்டிக் கேட்டுக்குவோம்னு விட்டுட்டேன்."

குணமாலா இளவரசனைப் பார்த்தார். இளவரசன் கூரையைப் பார்த்தான்.

"அந்தத் தம்பி ராகு காலத்துல நிஜமாவே வெளிய வரமாட்டாரா?"

"நல்லா கேட்ட போ. இந்தப் பொடவைக்கு பில்லு போடறதுக்கே ராகு காலம் முடியட்டும்க்கான்னு ஒன்றரை மணி நேரம் என்னை உக்கார வச்சு ரெண்டு காபி குடுத்தாரு. கடை தீப்பிடிச்சாக்கூட அது முடிஞ்சப்புறம்தான் ஃபயர் சர்வீசுக்கு போன் பண்ணுவாரு. ஊருக்கே தெரியும்."

வெளியே வந்ததும் இளவரசன் விரல் விட்டு எண்ணினான். "ஆளு இருக்காரு. காரணம் இருக்குது. ஜரிகைல ஏதோ கோல்மால், சாயங்காலம் அறுபது பேரு முன்னாடி பிரிச்சா மானம் போயிடும். நேரம்தான்க்கா இல்ல. ராகு வந்து இவருக்கு ஜாமீன் குடுத்துட்டாரு."

"மணி?"

"ரெண்டு முப்பத்தஞ்சு."

"வா. ரேவதியப் பாக்கலாம்."

ஆனந்தராஜின் மனைவி ரேவதி மேல்தளத்தில், பந்தல் நிழலில், டவலால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு நாற்காலி தள்ளி ஆனந்தராஜ் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மனசில் பாரம் இருக்கிறவன் இப்படியா தூங்குவான் என்று இளவரசனுக்கே சந்தேகம் வந்தது.

குணமாலா பக்கத்தில் உட்கார்ந்து, வெயிலைத் திட்டி, மெதுவாகப் பேச்சைக் காலை நேரத்துக்குக் கொண்டுவந்தார்.

"அவரு ரூமுலதான்க்கா இருந்தாரு," என்றார் ரேவதி. "பத்தரை ஆவுதுன்னு உள்ள வந்து படுத்தவருதான். போனைக் கையில வெச்சிக்கினு மணியப் பாத்துக்கினே இருந்தாரு. பன்னெண்டு ஆனப்புறம்தான் எழுந்து சட்டை மாத்திக்கினு ஜூஸ் குடிக்கப் போனாரு. சாமி சத்தியமா சொல்றேன்."

நான்கு வருஷத்தில் எத்தனையோ பொய்களைக் கேட்டுப் பழகிய காது இளவரசனுடையது. ரேவதி சொன்னது பொய் இல்லை. அவனுக்கு நம்பிக்கை காலுக்குக் கீழே இறங்கியது.

"அப்புறம்?"

"அரை மணியில வந்துட்டாரு. வேர்த்து ஊத்திச்சு. இந்த வெயில்ல சும்மா நடந்தாலே அப்படித்தான். சாப்பிடவாவது நிம்மதியா போலாம்னா, அதையேன் கேக்கறீங்க. ஒரு மணிக்குப் போனா கதவே தொறக்கல. அரை மணி நேரம் வாசல்ல நின்னோம். இவ்ளோ பெரிய கப்பல்ல ஒன்றரைக்கா சோறு போடுவாங்க?"

இளவரசன் வாயைத் திறந்தான். சாப்பாட்டு விஷயத்தில் அவனை யாரும் திருத்த முடியாது. பன்னிரண்டு பத்துக்கு அவன் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தபோது, முதல் பந்திக்காரர்கள் அப்பளத்தை ஏறக்குறையத் தீர்த்திருந்தார்கள். சொல்ல வந்தவனின் காலைக் குணமாலாவின் செருப்பு அழுத்தியது.

"ஒரு மணின்னு எதுல பாத்தீங்க ரேவதி?"

"இவரு போனுலதான். என் போனுக்கு இங்க லைனே இல்ல. இவரு கடைக்குப் பேசணும்னு வெளிநாட்டு லைன் போட்டுக்கினு வந்தாரு."

குணமாலா பந்தலுக்கு வெளியே தலையை நீட்டி, கண்ணைச் சுருக்கிச் சூரியனைப் பார்த்தார். மதியம் இரண்டே முக்காலுக்கு அது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இல்லை. மேற்கே நன்றாகவே இறங்கியிருந்தது.

"இளவரசு," என்றார், குரலைத் தாழ்த்தி. "அர்ஜுனன் சாரைக் கூட்டிக்கினு வா. காந்தாவையும். ஓடு."

இளவரசன் ஓடினான். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் மூன்று மாடி இறங்கி, மூன்று மாடி ஏறி, இரண்டு பேரோடு திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சத்தத்தில் ஆனந்தராஜ் விழித்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, நெற்றியில் குங்குமம், வியாபாரிக்கே உரிய சிரிப்பு.

"என்னக்கா, பொடவை கெடச்சுதா?" என்று காந்தாவிடம் கேட்டார்.

"கெடச்சுடும்," என்றார் குணமாலா. "இப்ப மணி என்னங்க இருக்கும்?"

ஆனந்தராஜ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். "நாலு இருபத்தஞ்சு."

அர்ஜுனன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜூஸ் கடைக்கு மேலே மாட்டியிருந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டும் இரண்டு ஐம்பத்தைந்து என்றன.

"கப்பல் கடிகாரம் இந்திய நேரத்துலதான் ஓடும், கடைசி வரைக்கும் மாத்த மாட்டோம்னு முதல் நாளே மைக்ல சொன்னாங்க," என்றார் குணமாலா. "எங்க போனுக்கெல்லாம் இங்க லைன் கிடையாது, அதனால அப்படியே இருக்குது. உங்க போன் இன்னிக்குக் காலையில தீவோட டவரப் பிடிச்சுது. தானே இந்த ஊரு நேரத்துக்கு மாறிடுச்சு. ஒன்றரை மணி நேரம் முன்னாடி ஓடுது. எனக்கே நேத்து உறைச்சிருக்கணும். கிழக்கால வர வர சூரியன் நம்ம கடிகாரத்துக்கு முன்னாடியே இறங்குது. பட்டினி கிடந்தேனே தவிர யோசிக்கல."

ஆனந்தராஜின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் போனிலிருந்து சுவருக்கும் சுவரிலிருந்து போனுக்கும் போய் வந்தன.

"பத்தரைன்னு நீங்க உள்ள போய்ப் படுத்தது ஒம்பது மணிக்கு. பன்னெண்டு ஆச்சுன்னு கதவத் தொறந்துக்கினு வந்தது பத்தரைக்கு. அந்த நேரத்துக்குத்தான் டிராலி நின்னு காந்தா ரூம் கதவு தொறந்து கெடந்துச்சு. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குப் போனது பதினொன்றரைக்கு. அதான் கதவு தொறக்கல."

"ராகு காலம் முடிஞ்சுதுன்னு வெளிய வந்தீங்க சார்," என்றான் இளவரசன். "அப்பதான் அது ஆரம்பிச்சுது."

அந்த ஒரு வாக்கியம்தான் ஆனந்தராஜை அடித்தது. புடவை, போலீஸ், மானம் எல்லாவற்றையும் விட அது பெரிதாக அடித்தது. நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டார். பன்னிரண்டே காலுக்குச் செய்த காரியத்துக்குப் பத்தே முக்காலில் ஆளைத் தேடுகிறார்களே, தெய்வமே நம் பக்கம் நிற்கிறது என்று நிம்மதியாகக் குறட்டை விட்ட மனிதர் அவர். தெய்வம் எந்தப் பக்கம் நின்றது என்று இப்போது புரிந்தது.

ஆனால் வியாபாரி லேசில் கடையைச் சாத்த மாட்டார். "போன்ல நேரம் மாறினா நான் திருடனா? நல்லா இருக்குதே நியாயம்."

"இல்ல. உங்களுக்கு இருந்த சாட்சி போச்சு, அவ்ளோதான்," என்றார் குணமாலா. "உங்க பெட்டிய ஒரு வாட்டி பாத்துட்டா முடிஞ்சுது."

"என் பெட்டிய யாரும் தொட முடியாது. நான் பயணி."

அர்ஜுனன் தர்மசங்கடமாக நெளிந்தார். "பயணி சம்மதிக்கலைன்னா கேப்டன் எழுத்துல அனுமதி தரணும் மேடம். கேப்டன் துறைமுக ஆபீஸுக்குப் போயிருக்கார். வர மூணே முக்கால் ஆகும்."

மணி மூன்று ஐந்து. மூன்றரைக்குப் போலீஸ். இளவரசனுக்கு அந்த நிமிஷம் ஒரு நக்கலும் வாயில் வரவில்லை. பெட்டி கீழே அறையில் இருந்தது. சட்டம் நடுவில் உட்கார்ந்திருந்தது.

ரேவதி எழுந்தார். விசிறிக்கொண்டிருந்த டவலை மடித்து நாற்காலியில் வைத்தார்.

"சாவி எங்கிட்ட இருக்குது. அது என் பெட்டியும்தான்."

"ஏய், உக்காரு."

"நான் சாமி சத்தியம் பண்ணியிருக்கேங்க," என்றார் ரேவதி. அவர் நடக்க, மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

பெரிய பெட்டி. உள்ளே, நிச்சயத்துக்கு வருகிறவர்களுக்கு மரியாதை செய்ய என்று ஆனந்தராஜ் கொண்டுவந்த இருபது புடவைகள். ஒரு புடவையை ஒளிக்க இதைவிட நல்ல இடம் ஏது? ரேவதி ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். பச்சை, நீலம், கத்தரிப்பூ, இன்னொரு பச்சை. ஒன்பதாவதை எடுத்ததும் அடியில் மாம்பழ மஞ்சள் தெரிந்தது.

காந்தா அதைப் பிடுங்காத குறையாக வாங்கினார். மருதாணி உதிர்ந்ததைப் பற்றிக் கவலைப்படாமல், மடிப்பை விரித்து, கருத்த இடத்தில் ஜரிகையை நகத்தால் சுரண்டினார். காஞ்சிபுரத்தில் எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். அசல் ஜரிகை என்றால் சுரண்டிய இடத்தில் உள்ளேயிருந்து சிவப்புப் பட்டு நூல் எட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளை நூல் எட்டிப் பார்த்தது.

காந்தா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "தம்பி, நீ எனக்கே இதைப் பண்ணிட்டியேப்பா."

"அக்கா, சாயங்காலம் நீங்க அத்தனை பேரு முன்னாடி பிரிச்சீங்கன்னா நான் ஊருல கடையத் தொறக்க முடியாதுக்கா." ஆனந்தராஜின் குரல் உடைந்தது. "கடல்ல வீசிடலாம்னுதான் எடுத்தேன். கம்பி வரைக்கும் போயிட்டேன். வீசறதுக்குக் கை வரல. ஜரிகை எப்படியோ, உடம்பு பட்டாச்சே."

அவர் பொய் சொல்லவில்லை. பட்டைத் தண்ணீரில் போடுகிற கை காந்தி ரோட்டில் யாருக்கும் கிடையாது. அது மட்டும் வந்திருந்தால் அவரை எந்தப் பெட்டியும் காட்டிக்கொடுத்திருக்காது.

"துணிய அந்தப் பொண்ணு டிராலியில போடறதுக்கு மட்டும் கை வந்துச்சா?" என்று கேட்டான் இளவரசன். இதை அவன் நக்கலாகக் கேட்கவில்லை. செவிலிமேட்டு டவுன் பஸ்ஸில் அவனுக்குப் பக்கத்தில் தினமும் நிற்கிற பெண்களில் ஒருத்தியாக அவள் இருந்திருக்கலாம் என்பதுதான் அவன் மனசை உறுத்தியது.

ஆனந்தராஜ் கட்டிலில் கிடந்த புடவைகளை மடிக்க ஆரம்பித்தார்.

மூன்று இருபது. நடைபாதையில் காந்தா குணமாலாவின் கையைப் பிடித்தார்.

"குணா, ஆறு மணிக்கு நிச்சயம். பொண்ணு வீட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா எல்லாருக்கும் தலைகுனிவு. பொடவை கட்டிலுக்குப் பின்னாடி விழுந்து கெடந்துச்சுன்னு சொல்லிடுவோம். அந்தப் பொண்ணையும் விட்டுடுவாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

அர்ஜுனனுக்கும் அது பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. "பொருள் கிடைத்தது, புகார் இல்லைன்னு ஒரு வரி எழுதினா எனக்குப் போதும் மேடம். போலீஸைத் திருப்பி அனுப்பிடலாம்."

எவ்வளவு சுலபமாக முடிகிறது என்று இளவரசனுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"நஷ்டம் இருக்குதா இல்லையான்னு அந்தப் பொண்ணுகிட்டயே கேப்போம்," என்றார் குணமாலா.

பாதுகாப்பு அறையின் ஜன்னல் வழியாகக் கீழே கப்பல் படிக்கட்டு தெரிந்தது. சீருடையில் இரண்டு பேர் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஜீவிதாவின் காலருகே அவளுடைய பை தயாராக இருந்தது. மேஜைமேல் அதே தாள். கீழே நீல மையில் கையெழுத்து.

குணமாலா அந்தக் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மூணு மணிக்கு எங்க மேனேஜர் வந்தாரு மேடம்," என்றாள் ஜீவிதா. "நீங்க வரமாட்டீங்கன்னு சொன்னாரு. பயமா இருந்துச்சு. போட்டுட்டேன்."

"பரவாயில்லம்மா, பொடவை கெடச்சுடுச்சு," என்று காந்தா முந்திக்கொண்டார். "கட்டிலுக்குப் பின்னாடி விழுந்து கெடந்துச்சு. நீ வேலையப் பாரு. சார் எழுதிடுவாரு."

ஜீவிதா காந்தாவைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த மஞ்சள் புடவையைப் பார்த்தாள். அர்ஜுனனுக்குப் பின்னால் தலையைத் தொங்கப்போட்டு நின்ற ஆனந்தராஜைப் பார்த்தாள். யாரும் விளக்கிச் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அர்ஜுனன் பேனாவைத் திறந்து, அவள் கையெழுத்துக்குக் கீழே எழுதக் குனிந்தார்.

"கெடச்சுதுன்னு எழுதாதீங்க சார்," என்றாள் ஜீவிதா. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "கெடச்சுதுன்னு எழுதினா, நான் எடுத்து, பயந்து, திருப்பிக் குடுத்தேன்னுதான் படிப்பாங்க. நான் எடுக்கலைன்னு எழுதுங்க. வேற தாளுல எழுதுங்க. யாரு எடுத்தாங்கன்னும் எழுதுங்க."

"அதுக்கு ஒரு சாட்சி பேர் சொல்லிக் கையெழுத்துப் போடணும்மா," என்றார் அர்ஜுனன், காந்தாவைப் பார்த்தபடி.

காந்தா தரையைப் பார்த்தார். வெளியே பூட்ஸ் சத்தம் நெருங்கியது. குணமாலா வாய் திறப்பதற்குள், கதவோரம் நின்றிருந்த ரேவதி முன்னால் வந்தார்.

"நான் போடறேன். பெட்டியத் தொறந்தது நான்தான்."

அர்ஜுனன் அந்த நாலு வரித் தாளைக் கிழித்து, புதிய தாளை எடுத்து வைத்தார். "புடவையை எடுத்தவர் பேர் சொல்லுங்க."

ரேவதிக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அதுவரை இவரு, அவரு, எங்க வீட்டுக்காரரு என்பதைத் தவிர அவர் வாயில் வேறு எதுவும் வந்ததில்லை. ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் இருப்பவர்தான் கணவர் பெயரைச் சொல்வார்.

"ஆனந்தராஜ்," என்றார் ரேவதி.

அர்ஜுனன் எழுதத் தொடங்கினார். ஜீவிதா மேஜைமேல் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள்.